அமராவதி குடித்த தண்ணீர்

அமராவதி உப்பளத்திலிருந்து திரும்பினால் நேராக என் கடைக்குத்தான் வருவாள். வந்ததும் பேசமாட்டாள். மூலையில் இருக்கிற பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, அண்ணாந்து, கழுத்து நரம்பு ஏறி இறங்க மூச்சுவிடாமல் குடிப்பாள். அப்புறம் இன்னொரு சொம்பு. நான் தையல் மெஷினை மிதித்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். சொம்பைக் கவிழ்த்து வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்த பிறகுதான், "யக்கா, எஞ் ஜாக்கெட்டு இன்னாச்சு" என்று குரல் வரும்.

மரக்காணத்தில் உப்பளத்து வேலைக்குப் போகிற பொம்பளைகள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். கருக்கலில் ஒரு சொம்பு கூழைக் குடித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் வேலை முடிந்து ஊருக்குள் வருகிற வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போகாது. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க அங்கே என்ன இருக்கிறது? பார்க்கிற தூரத்துக்கெல்லாம் பாத்தியும் வரப்பும் உப்புக் குவியலும்தான். ஒரு புதர் கிடையாது. ஆம்பளை என்றால் திரும்பி நின்றுகொள்வான். அமராவதிக்கு இதனால் நீர்க்குழாயில் கல் அடைத்துக்கொண்டு, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிட்டு வந்தாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்களாம். "ஊட்டுக்கு வந்துட்டுக் குடிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்க்கா" என்றாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். வெயில் சுடுகிறது என்று யாராவது மனு கொடுப்பார்களா, அது மாதிரிதான் இதுவும் எங்களுக்கு.

நான் மேரிசெல்வி. அளத்துக்குப் போகிற ரோட்டோரம் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். அமராவதி வீட்டு விஷயத்தில் நான் மூக்கை நுழைத்ததே இல்லை, அவர்கள்தான் என் போனுக்குள் குடியிருந்தார்கள். அவர்கள் வீட்டில் இருப்பது பட்டன் போன். அமுதவல்லி வெளிநாட்டிலிருந்து முகம் பார்த்துப் பேசுவதென்றால் என் போனுக்குத்தான் கூப்பிட வேண்டும்.

அமுதவல்லி அவர்களுக்கு ஒரே பெண். அப்பன் மாயவன் உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். நாள் பூராவும் முதுகில் மூட்டை இருப்பதாலோ என்னவோ, மனுஷன் வாயைத் திறப்பதே அபூர்வம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் லீவு விட்டால் ஆத்தாளுக்குத் துணையாகக் கூடை தூக்கப் போகும். அமுதாவை மட்டும் அமராவதி வரப்பு ஏறவிட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டால் என் கடையில் உட்கார்ந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான். சில நாள் அந்தப் பெண் பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அமராவதி அதன் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்ப்பாள். "பாத்தியாக்கா, ஒரு வெடிப்பு இல்ல" என்பாள். இவள் குதிகாலில் இருக்கிற வெடிப்பில் ஊசியே சொருகலாம். உப்புத்தண்ணீர் அதை மூடவும் விடாது.

அந்தப் பெண் திண்டிவனத்தில் கெமிஸ்ட்ரி முடித்தது. யாரோ சார் சொல்லி, எங்கேயோ எழுதிப் போட்டு, போர்ச்சுகல் என்கிற தேசத்தில் ஒரு வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்தது. செலவு பூராவும் அவர்களே. சுற்றுச்சூழல் படிப்பு என்றார்கள். "சுத்திப் பாக்கறதுக்கா ஒரு படிப்பு?" என்று அமராவதி கூட வேலை செய்கிற பாஞ்சாலை ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அமுதா கூப்பிடும். "இன்னா கிளாஸு இன்னைக்கு?" என்று அமராவதி கேட்பாள். "பிராக்டிகல்மா" என்று அது சொல்லும். எந்த வாரம் கேட்டாலும் பிராக்டிகல்தான். ஆத்தாளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அளத்தில் போய், "எம் பொண்ணு பிராக்டிகல் படிக்குது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனி மாசம் ஒரு நாள். உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த நேரம், வெயில் அப்படிக் கொளுத்தியது. அமராவதி கடைக்குள் வந்தாள். பானைப் பக்கம் போகவில்லை. தலையில் கட்டின துணியைக்கூட அவிழ்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி குடிக்கல?"

"யக்கா, போர்ச்சுகலுக்குப் போன போடு."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம இல்லியே. இன்னாடி ஆச்சு?"

"மேஸ்திரி சிரிக்கிறாருக்கா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

மேஸ்திரி என்றால் சக்கரபாணி. அளத்தில் ஆள் சேர்ப்பதும் வேலை வாங்குவதும் அவர்தான். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். ஆனால் குத்தலாகப் பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. பொழுதுக்கும் போனை நோண்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கு அதில் ஒரு போட்டோவைப் பார்த்திருக்கிறார். அமுதா தானே போட்ட போட்டோ. உப்புப் பாத்திக்குள் நின்றுகொண்டிருக்கிறது. முழங்கால் வரைக்கும் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, கையில் உப்பு வாருகிற பலகை. கீழே தமிழில் 'எங்க அம்மா மாதிரி' என்று எழுதியிருக்கிறது.

"வரப்புல நின்னுகினு எல்லார் காதுலயும் வுழற மாதிரி படிக்கிறாருக்கா. ஏம்மா அமராவதி, இங்க உப்பு வார ஆளு கெடைக்காம நான் அலையறேன், நீ பொண்ண பிளேன் ஏத்தி உப்பு வார அனுப்பிச்சிக்கீறியே, நடந்து வந்தா நானே வேல குடுத்திருப்பேனே, அப்படிங்கறாரு."

அவர் அனுப்பி வைத்த போட்டோ என் போனுக்கும் வந்திருந்தது. திறந்து பார்த்தேன். அமராவதி எட்டிப் பார்க்கவில்லை, அவள்தான் அளத்திலேயே பார்த்துவிட்டாளே.

"எம் மாதிரி ஆவக்கூடாதுன்னுதானக்கா நான் இத்தினி வருசம் நின்னேன். எம் மாதிரின்னு எழுதி வெச்சிக்கீறா." அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கல் அடைத்துத் துடித்தபோதுகூட அழவில்லை.

மாயவன் வந்தான். லாரி ஆள் ஒருவன் அவனுக்கும் போட்டோவைக் காட்டியிருக்கிறான். தோளில் உப்புப் படிந்த சாக்கோடு வாசலிலேயே நின்றான்.

"ஏமாத்திட்டானுங்க அக்கா" என்றான். "நம்ப அனுமந்தை ஊரு பக்கிரி கததான். சூப்பர் மார்க்கெட்டுல வேலன்னு இட்டுகினு போயி பாலைவனத்துல ஆடு மேய்க்க வுட்டானுங்க. இதுல படிப்புன்னு சொல்லியிருக்கானுங்க."

"இருப்பா, பொண்ணையே கேட்டுடுவோம்" என்றேன்.

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த பிளேன்ல வரச் சொல்லு" என்றாள் அமராவதி. "வந்தா எம் பொண்ணு. வரலன்னா எனக்குப் பொண்ணே இல்லன்னு சொல்லிடு."

படிப்பு முடிய இன்னும் பாதி வருஷம் இருந்தது. இப்போது வந்தால் ஒரு காகிதமும் கிடைக்காது, வெறுங்கையோடுதான் வர வேண்டும். அதைச் சொன்னேன். ரெண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடற்காற்று எழும்பி வெயில் தாழ்ந்த நேரத்தில் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். அமுதா உடனே எடுத்தாள். கறுத்துப் போயிருந்தாள், மூக்குத் தோல் உரிந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தாற்போல் இருப்பதைப் பார்த்து, "பெரிம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

"உனக்குத்தான் ஆயிருக்குது" என்றாள் அமராவதி. "காலக் காட்டு."

"இன்னாம்மா?"

"காலக் காட்டுடி."

அமுதா போனைக் கீழே இறக்கிக் காட்டினாள். பாதம் இரண்டும் களிமண் காய்ந்து வெளுத்திருந்தது. குதிகாலில் வெடிப்பு. புது வெடிப்பு, ஓரம் சிவந்திருந்தது. அமராவதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாயவன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பூட்ஸு போட்டா களிமண்ணு தரை கிழிஞ்சிடும்மா, அதான் வெறுங்கால்ல எறங்கறோம்" என்றாள் அமுதா. போட்டோவைப் பற்றித்தான் பேச்சு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "இது கூலி வேலை இல்லம்மா. இங்க படிப்பே இப்படித்தான். ஒரு இடத்தப் பத்தி படிக்கணும்னா அதுல எறங்கி வேலை செய்யணும். இது ரொம்ப வருசமா பாழாக் கெடந்த அளம். நாங்க பசங்கள்லாம் சேந்து திரும்ப எடுத்துக் கட்றோம். பறவை வருது, நண்டு வருது, அதையெல்லாம் கணக்கெடுக்கறோம். ஜெர்மன் பசங்க கீறாங்க, பிரேசில் பொண்ணு ஒருத்தி கீறா. எல்லாருமே கையால செஞ்சாதான் மார்க்கு."

"கூலி இன்னா குடுக்கறான்?" என்றான் மாயவன்.

"கூலியே கெடையாதுப்பா."

"கூலியும் இல்லியா?" என்று அவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு அதுதான் உறுதியாகிவிட்டது. "பக்கிரிக்காவது சோறு போட்டானுங்க."

"சோறெல்லாம் போடறாங்கப்பா. அப்பா, நான் சொல்றது…"

"நீ இதுக்கா போன?" அமராவதியின் குரல் உடைந்தது. "உன்ன வரப்பு மேல நிக்க வுட்டனா? உனுக்கு உப்புக் காத்துகூட படக்கூடாதுன்னு இங்க குந்த வெச்சன். நீ கடல் தாண்டிப் போயி அதே பாத்தியில எறங்கி, எங்கம்மா மாதிரின்னு ஊருக்கே தமுக்கு அடிச்சிக்கீற. எம் மாதிரி ஆவறதுக்கு நீ எதுக்குடி படிக்கணும்?"

அமுதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளும் அழுகையை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"முதல் நாள் இங்க எல்லாரும் அவங்கவங்க ஊரப் பத்திப் பேசணும்னாங்க. எங்கம்மா உப்பளத்துல வேலை செய்யறாங்கன்னு சொன்னேன். எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. எத்தினி மணிக்குப் போவாங்க, இன்னா சாப்புடுவாங்க, நெழலுக்கு எங்க நிப்பாங்கன்னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. நீ சம்பாரிச்சத தின்னு வளந்தேன், நீ இன்னா பண்ணுவன்னு எனக்குத் தெரியல. நீ எங்க என்ன பாக்க வுட்ட? அந்த பலகையப் புடிச்சப்பதான் உன் கையி ஏன் அப்படிக் கெடக்குதுன்னு தெரிஞ்சிது. அதான் அப்படி எழுதினேன். பெருமையாதாம்மா எழுதினேன்."

எதையாவது கேட்டு வைப்போம் என்று நான் போட்டோவைப் பற்றிக் கேட்டேன். அதில் அமுதாவுக்குப் பின்னால், வரப்பின் மேல், நாலு கால் நட்டு மேடையாகத் தூக்கி, மரப்பலகையில் ஒரு சின்னக் கூண்டு நின்றது. கதவெல்லாம் வைத்து அழகாக இருந்தது.

"அது இன்னா அமுதா, பின்னால, புறாக் கூண்டா?"

"பாத்ரூமு பெரிம்மா. நாங்கதான் போன மாசம் கட்டினோம். அளத்துல குழி எடுக்க முடியாது, எடுத்தா உப்புத்தண்ணி ஊறிக்கும். அதனால மேல தூக்கிக் கட்டி, கீழ டிரம்மு வெச்சிடறது. போயிட்டு மரத்தூள் ஒரு கை போட்டா நாத்தம் வராது. டிரம்மு ரொம்பிச்சின்னா எடுத்துனு போயி உரமாக்கிடறோம்."

"யாரு எடுத்துனு போறது?" என்றான் மாயவன்.

"முறை போட்டு எல்லாரும்தான்பா. போன வாரம் எம் முறை."

மாயவன் சாக்கைத் தோளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டான். இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்கிற மாதிரி வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றான். எனக்கும் கோபம்தான். படிக்க அனுப்பின பெண்ணை உப்பு வாரவிட்டது போதாதென்று கக்கூஸ் வேறு அள்ளவிடுகிறார்களே, இது என்ன படிப்பு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அமராவதி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"அது அளத்துக்குள்ளயே கீதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. வரப்பு மேல. எங்க பாத்தியிலருந்து பத்தடி."

"பொம்பளைங்களுக்கா?"

"எல்லாருக்கும்தான். உள்ள தாப்பா கீது."

அமராவதி போனை முகத்துக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். "அமுதா. வேல நடுவுல தண்ணி குடிக்கிறியா?"

"இன்னாம்மா?"

"உப்பு வாரும்போது. வெயில் நேரத்துல. தண்ணி குடிக்கிறியான்னு கேக்கறேன்."

"குடிக்காம எப்படிம்மா? ஆளுக்கு ரெண்டு பாட்டில் எடுத்துனு போவோம். குடிக்கலன்னா சாரு திட்டுவாங்க. உச்சி வெயில்ல எறங்கவே கூடாதுன்னு வேற சட்டம். அதான் இப்ப ரூமுல கீறேன்."

"ரெண்டு பாட்டிலு" என்றாள் அமராவதி. போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பானையிடம் போய் சொம்பை எடுத்தவள், மொள்ளாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "பெரிம்மா, அம்மா இன்னா சொல்றாங்க?" என்று அமுதா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் பேசுவாங்க, வை என்றேன்.

மறுநாள் கருக்கலில் வேலைக்குப் போகிற வழியில் அமராவதி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். மாயவனின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள், தூக்கில் சோறு, பையில் வெங்காயமும் கருவாடும். பைக்குள் இன்னொன்றும் புடைத்துக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்கவில்லை.

"யக்கா, வெயில் ஏறனதும் போன எடுத்துகினு அளத்துக்கு வா. அமுதாவ கூப்புட்டு வெச்சிக்க."

"எனக்குக் கட இல்லியா? கல்யாண ஜாக்கெட்டு நாலு தெக்க வேண்டியது கெடக்குது."

"ஒரு நாளைக்கி வா" என்றாள். குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. போனேன்.

குடை பிடித்துக்கொண்டு போயும் அந்த வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. தரை பூராவும் வெள்ளை. மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து ஒரு வெயில். இவ்வளவு வருஷம் இந்த ரோட்டோரம் இருந்தும் நான் அளத்துக்குள் இறங்கி நடந்ததில்லை. பொம்பளைகள் வரிசையாக நின்று பலகையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாத்தியின் அடியில் படிந்த உப்பு சரசரவென்று ஓரத்துக்கு வந்தது. வாரி ஓரம் கட்டியதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்போடு நடந்து, குவியலில் கொட்ட வேண்டும். கூடையிலிருந்து தண்ணீர் வழிந்து அவர்கள் கழுத்துக்குள் இறங்கியது. சக்கரபாணி தன் பைக்குக்குப் பக்கத்தில் குடை நட்டு உட்கார்ந்திருந்தார்.

அமுதாவைக் கூப்பிட்டேன். அங்கே இன்னும் விடியவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி வந்தாள். நான் போனை அமராவதி பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

அமராவதி எங்களைப் பார்த்தாள். "பாத்துக்க" என்றாள். "எங்கம்மா மாதிரின்னு எழுதினல்ல. இதான் உங்கம்மா." சொல்லிவிட்டுக் குனிந்து பலகையை இழுத்தாள். வாரினாள், அள்ளினாள், கூடையைத் தூக்கிவிடச் சொல்லித் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்போடு போனாள், கொட்டினாள், திரும்பினாள். மறுபடி குனிந்தாள். எத்தனை நடை போனாளோ, நான் எண்ணவில்லை. என் கை வலித்தது, ஆனால் இறக்கவில்லை. பாஞ்சாலை போகிற போக்கில், "அமுதாப் பொண்ணே, சாப்புட்டியா?" என்று போனுக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்புறம் அமராவதி வரப்பு ஏறி வந்து, பையைத் திறந்து, புடைத்துக்கொண்டிருந்ததை எடுத்தாள். பெரிய பாட்டில், நிறையத் தண்ணீர். மூடியைத் திருகி, எல்லோருக்கும் நடுவில் நின்று, என் கடையில் குடிக்கிற மாதிரியே அண்ணாந்து குடித்தாள்.

வேலை நின்றுவிட்டது. "ஏய், இன்னாடி பண்ற?" என்று பாஞ்சாலை கிட்டத்தில் ஓடிவந்தாள். அமராவதி வாயைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை அவளிடம் நீட்டினாள். பாஞ்சாலை பாட்டிலைப் பார்த்தாள், அளத்தைப் பார்த்தாள், அமராவதியைப் பார்த்தாள். வாங்கிக் குடித்தாள். அவளிடமிருந்து இன்னொருத்தி வாங்கினாள். ஒருத்தி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் அவளும் வாங்கிக்கொண்டாள்.

சக்கரபாணி எழுந்து வந்தார். "இன்னாம்மா அமராவதி, உப்பு காய்ஞ்சி கெடக்குது, நீ இங்க தண்ணி பந்தல் தொறந்துக்கீற."

"குடிச்சிட்டோம் மேஸ்திரி" என்றாள் அமராவதி. "இப்ப எங்க போறதுன்னு சொல்லுங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் முகம் ஒரு மாதிரி ஆனது. "நான் இன்னாம்மா பண்ணுவேன்? உப்பு மண்ணுல குழி எடுத்தா தண்ணி ஊறிக்கும். கட்டினாலும் நிக்காது. இத்தினி வருசமா இப்படித்தான கீது."

"குழி வாணாம் மேஸ்திரி. குழி இல்லாம வரப்பு மேலயே எம் பொண்ணு கட்டியிருக்குது. போட்டோவுல பின்னால நிக்குது பாருங்க. நீங்க காலப் பாத்து சிரிச்சிட்டு வுட்டுட்டீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அமராவதி என் பக்கம் திரும்பி, கையில் இருந்த போனில் பெண்ணிடம் பேசினாள்.

"அமுதா, நீ ஒண்ணும் இப்ப வர வாணாம். இருந்து முடிச்சிட்டு வா. அந்த ரூமு கட்டின பாரு, எத்தினி ஒசரம், டிரம்மு எங்க வெக்கறது, எல்லாத்தையும் நல்லா கத்துகினு வா. காலுக்கு ராத்திரில தேங்கா எண்ணெ போடு."

"போடறேம்மா" என்றாள் அமுதா. அழுதுகொண்டே சிரித்தாள்.

"அவ வர்றதுக்கு ஆறு மாசமாவும் மேஸ்திரி" என்று அமராவதி திரும்பினாள். "அதுவரிக்கும் தெனமும் குடிக்கத்தான் போறோம். இன்னிக்கிக் குடிச்சதுக்கு வழிய சொல்லுங்க."

பொம்பளைகள் எல்லோரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். சக்கரபாணி கையில் போனை வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். ஈசியார் ரோட்டில் ஒரு பஸ் போனது. அதற்கு இந்தப் பக்கம் பாத்தியும் வரப்பும் உப்பும்தான்.

"அம்மா?" என்றாள் அமுதா என் கையிலிருந்து. "அம்மா, இன்னா ஆச்சு, ஏன் யாரும் பேச மாட்டறீங்க?"

"இரு" என்றாள் அமராவதி. "மேஸ்திரி யோசிக்கிறாரு."